மெதுவாகிப் போகும் வாரங்கள்: விரல்கள் சொல்லும் பழக்கத்தின் வரலாறு

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட். கண்ணை மூடிக்கோங்க. வண்டி ஓட்டிக்கிட்டே கேக்கறவங்க மட்டும் மூட வேண்டாம், ப்ளீஸ். கம்ப்யூட்டர் கீபோர்டை மனசுக்குள்ள கொண்டு வாங்க. 'சி' எழுத்துக்கு வலது பக்கத்துல இருக்கிற எழுத்து எது?

பதில், 'வி'. காப்பி பண்ற கீ, அதுக்குப் பக்கத்துலயே பேஸ்ட் பண்ற கீ. தினமும் எத்தனையோ தடவை அடிக்கிறோம். ஆனா பதில் சொல்றதுக்கு முன்னாடி உங்க இடது கை விரல் லேசா அசைஞ்சிருக்கும். வாய்க்குத் தெரியல, விரல்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டீங்க.

இது உங்களுக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. 2014-இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக உளவியலாளர்கள் இதை ஒரு ஆய்வாகவே வெளியிட்டார்கள். 100 பேரை டைப் அடிக்க வைத்தார்கள். சராசரி வேகம் நிமிஷத்துக்கு 72 வார்த்தை. நல்ல வேகம். அதே ஆட்களிடம் எழுத்தே இல்லாத வெற்றுக் கீபோர்டு படத்தைக் கொடுத்து, 80 செகண்டில் எழுத்துகளை அந்தந்த இடத்தில் நிரப்பச் சொன்னார்கள். 26 எழுத்தில் சராசரியாக 15-ஐத்தான் சரியாகப் போட முடிந்தது.

எங்க வீட்டுல இதே டெஸ்டை அம்மாவுக்கு வெச்சேன். அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போய் இங்கிலீஷ் ஹையர், தமிழ் லோயர் ரெண்டும் பாஸ் பண்ணவங்க. "கே எங்கம்மா இருக்கு?"ன்னு கேட்டேன். சாப்பாட்டு மேஜை மேல வலது கையை வெச்சு, நடுவிரலைத் தட்டிப் பாத்துட்டு, "இதோ, இங்க"ன்னாங்க.

நான் கோட் எழுதிச் சம்பளம் வாங்குறவன். கீபோர்டுதான் என் தொழில் கருவி. ஆனா வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து நாலே விரல்ல, கீழே குனிஞ்சு பாத்துத்தான் அடிக்கிறேன். பத்து விரலுக்கு மாற மூணு தடவை முயற்சி பண்ணி, மூணு தடவையும் ரெண்டாவது வாரத்துல விட்டிருக்கேன். எனக்கு வில்பவர் கம்மின்னுதான் இத்தனை நாளா நினைச்சேன். இந்த எபிசோடுக்காகப் படிச்ச பிறகு அப்படி நினைக்கல. ஏன்னு சொல்றதுக்கு நாம 1870-களுக்குப் போகணும்.

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அடித்த பெண்

டைப்ரைட்டரை வியாபாரமாக்கியது ரெமிங்டன் கம்பெனி. துப்பாக்கியும் தையல் மெஷினும் செய்துகொண்டிருந்தவர்கள். கிறிஸ்டோஃபர் ஷோல்ஸும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய மெஷினை 1874-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். நம்ம குவெர்ட்டி கீபோர்டு அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அதை எப்படி அடிக்கணும்னு யாருக்கும் தெரியாது. மெஷின் வந்துவிட்டது, பழக்கம் வரவில்லை. ஆளாளுக்கு ரெண்டு விரல், நாலு விரல் என்று தேடித் தேடி அடித்தார்கள்.

ஃபிராங்க் மெகரின் அப்போது மிஷிகன் மாநிலத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா. அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அவருடைய முதலாளி ஒருநாள் வந்து, "ஒரு பொண்ணு ஜன்னல் வழியா வெளியே பாத்துக்கிட்டே டைப் அடிக்குது, நீ என்னடான்னா குனிஞ்ச தலை நிமிராம அடிக்கிறியே" என்ற மாதிரி சீண்டினாராம். அவளால் முடிந்தால் என்னாலும் முடியும் என்று மெகரின் உட்கார்ந்து பழகினார். எல்லா விரலையும் பயன்படுத்தி, கீயைப் பார்க்காமல் அடிக்கக் கற்றுக்கொண்டார். ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்ததாம், அந்தப் பெண்ணுக்கு அப்படியெல்லாம் அடிக்கத் தெரியாது என்று!

இதே காலத்தில் சின்சினாட்டி நகரத்தில் எலிசபெத் லாங்லி என்ற ஆசிரியை, எல்லா விரல்களுக்கும் வேலை கொடுக்கும் முறையைப் பாடமாகவே எழுதி 1882-இல் வெளியிட்டார். உடனே எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. மோதிர விரலுக்குப் பலம் கிடையாது, பியானோ பழகிய கையாக இருந்தால் ஒழிய அதைப் பயன்படுத்துவது வீண் என்று அந்தக் காலச் சுருக்கெழுத்துப் பத்திரிகை ஒன்று வாதாடியது. யோசிச்சுப் பாத்தா, அவங்க சொன்னதுல தப்பே இல்லை. அன்னைக்கு ஒருத்தர் மோதிர விரலால அடிச்சுப் பாத்திருந்தா, நிச்சயமா ரெண்டு விரலை விட மெதுவாத்தான் வந்திருக்கும்.

முடிவு 1888 ஜூலை 25 அன்று சின்சினாட்டியில் தெரிந்தது. பந்தயம் 500 டாலர். ஒரு பக்கம், இதற்குள் சால்ட் லேக் சிட்டியில் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் ஆகியிருந்த மெகரின். இன்னொரு பக்கம், லூயிஸ் டிராப் என்ற தட்டச்சு ஆசிரியர். அவர் பயன்படுத்திய கேலிகிராஃப் மெஷினில் பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் தனித்தனிக் கீ. 45 நிமிஷம் ஒருவர் சொல்லச் சொல்ல அடிக்கணும். அடுத்த 45 நிமிஷம் தாளைப் பார்த்து அடிக்கணும். மெகரின் தெளிவாக ஜெயித்தார்.

தாளைப் பார்த்து அடிக்கும் இரண்டாவது சுற்றை மட்டும் கொஞ்சம் கற்பனை பண்ணுங்க. கீயைத் தேடுறவருக்குக் கண் தாளுக்கும் கீபோர்டுக்கும் நடுவுல பஸ் மாதிரி ஓடிக்கிட்டே இருக்கணும். மெகரினோட கண் தாளை விட்டு நகரவே வேண்டாம். பழக்கம்னா என்னன்னு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. கை தன் வேலையைப் பாத்துக்குது, கண் அடுத்த வேலைக்கு ஃப்ரீயாகுது.

பீடபூமியில் மாட்டிக்கொண்ட தந்திக்காரர்கள்

சரி, கை தன்னால வேலை செய்ய ஆரம்பிக்கிற அந்த நாள் எப்ப வருது? இதை முதன்முதலில் வாரா வாரம் அளந்து பார்த்தவர்கள் இருவர். ஒருவர் இந்தியானா பல்கலைக்கழக உளவியலாளர் வில்லியம் லோ பிரையன். இன்னொருவர் அவரிடம் படித்த நோபிள் ஹார்ட்டர், முன்னாள் தந்தி ஆபரேட்டர். 1897-லும் 1899-லும் இவர்கள் எழுதிய இரண்டு கட்டுரைகள் இன்றைக்கும் பேசப்படுகின்றன.

தந்தி ஆபரேட்டருக்கு ரெண்டு வேலை. ஒன்று, செய்தியை அனுப்புவது. இன்னொன்று, கருவியில் வரும் 'டிக் டிக்' சத்தத்தைக் கேட்டுச் செய்தியை எழுதுவது. அனுப்பும் வேகத்தை வாரா வாரம் அளந்து கிராஃப் போட்டபோது கோடு சீராக மேலே போனது. கேட்கும் வேகம் அப்படிப் போகவில்லை. கொஞ்ச தூரம் ஏறியது, பிறகு பல வாரங்களுக்குத் தட்டையாகக் கிடந்தது. மறுபடி திடீரென்று ஏறியது. ஸ்கூல்ல தக்காணப் பீடபூமின்னு படிச்சோமே, அதே வடிவம். அவர்களும் அதற்குப் பீடபூமி என்றே பெயர் வைத்தார்கள்.

கொடுமை என்னன்னா, அந்தப் பீடபூமி இருந்த இடம். முக்கிய லைனில் வேலை கிடைக்கக் குறைந்தபட்சம் ஒரு வேகம் வேண்டும். பீடபூமி சரியாக அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தது. வாரக்கணக்கில் பயிற்சி செய்தும் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாது. லைனில் ஓடும் செய்தி வெறும் இரைச்சலாகக் கேட்கும். பலர் அங்கேயே மனசு விட்டு விலகினார்கள். தாக்குப்பிடித்தவர்களுக்கு ஒரு கட்டத்தில், சில நாட்களுக்குள்ளேயே, அந்த இரைச்சல் பேச்சாக மாறியது.

ஏன் இப்படி? பிரையனும் ஹார்ட்டரும் தந்த விளக்கம் எளிமையானது. முதலில் எழுத்து எழுத்தாகக் கேட்கிறோம். எழுத்து பழகினால் வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறோம். வார்த்தை பழகினால் சொற்றொடராக. கீழே உள்ள படி கவனமே கேட்காத அளவுக்குத் தன்னால் நடக்க ஆரம்பித்தால்தான் மேல் படிக்குக் கவனம் மிஞ்சும். தேர்ந்த ஆபரேட்டர் கருவிக்கு 6 முதல் 12 வார்த்தை பின்னால் எழுதிக்கொண்டு வருவார். காது முன்னால் போய்க்கொண்டிருக்கும், கை நிதானமாகப் பின்னால் வரும். அப்படியானால் வேகம் ஏறாத அந்த வாரங்களில் கீழ்ப்படி இறுகிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கோட் எழுதுறவங்களுக்கு இது நல்லாவே புரியும். ரீஃபாக்டரிங் பண்ற ரெண்டு வாரத்துல டெமோல காட்ட ஒரு புது ஃபீச்சர்கூட இருக்காது.

ஒரு நேர்மையான குறிப்பும் சொல்லணும். இந்தப் பீடபூமி எல்லாருக்கும் கட்டாயம் வரும் என்பதை எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்கு மோர்ஸ் கற்பிக்கும் முறையை வகுத்த உளவியலாளர் ஃபிரெட் கெல்லர், 1958-இல் அதை ஒரு மாயத் தோற்றம் என்றே எழுதினார். பிறகு வந்த பல அளவீடுகளில் அந்தத் தட்டையான கோடு காணப்படவில்லை. பயிற்சி கொடுக்கும் விதம் மாறினால் கோடும் மாறலாம். அதனால, 'முன்னேற்றமே தெரியல, அப்ப உள்ளுக்குள்ள ஏதோ நல்லது நடக்குது'ன்னு கண்ணை மூடிக்கிட்டு நம்பவும் முடியாது. பயிற்சியே தப்பாகவும் இருக்கலாம். இதுக்குத் திரும்ப வரேன்.

கண்ணாடிக்குள் ஒரு நட்சத்திரம்

உள்ளுக்குள்ள இறுகுதுன்னு சொன்னோமே, எங்க? அதற்கான முதல் வலுவான தடயம் ஒரு மனிதரின் இழப்பிலிருந்து கிடைத்தது.

ஹென்றி மொலெய்சன். கடுமையான வலிப்பு நோயால் அவதிப்பட்டவர். 1953-இல், 27 வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் அவருக்கு மூளை அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் பகுதியின் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு நடந்த எதையும் அவரால் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லை. இப்போது பேசிவிட்டுப் போனவர் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தால், புது ஆள். 2008-இல் இறக்கும் வரை அப்படியே வாழ்ந்தார். அதுவரை ஆய்வுக் கட்டுரைகளில் வெறும் எச்.எம். என்ற இரண்டு எழுத்துதான் அவர்.

மாண்ட்ரியலிலிருந்து வந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். தாளில் இரட்டைக் கோட்டால் வரைந்த நட்சத்திரம். இரண்டு கோட்டுக்கும் நடுவே பென்சிலால் வரைந்துகொண்டே சுற்றி வரணும். கையை நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில் மட்டும்தான் பார்க்கலாம். செஞ்சு பாத்தா தெரியும், நட்சத்திர முனையில திரும்பும்போது கை எதிர்ப்பக்கம் ஓடும். யாருக்கும் முதல்ல வராது.

மொலெய்சனுக்கும் முதல் நாள் தப்பு நிறைய. திரும்பத் திரும்பச் செய்ததில் குறைந்தது. இரண்டாம் நாள், முந்தின நாள் விட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்தே தொடங்கினார். மூன்றாம் நாள் இன்னும் நன்றாக வரைந்தார். ஆனால் ஒவ்வொரு நாளும், இதற்கு முன் இதைச் செய்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை.

இதைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் அடுத்த பக்கத்துக்குப் போகல. 'நான் இதைக் கத்துக்கிட்டேன்'ங்கிற நினைவே இல்லாத ஒரு மனுஷனோட கை கத்துக்குது. நடந்ததை நினைவில் வைப்பது ஒரு பாதை, பழகியதைச் செய்வது வேறொரு பாதை என்று இந்தச் சோதனை காட்டியது. முதல் பாதையில் நீங்க எவ்வளவு பேசலாம், உறுதி எடுக்கலாம், நோட்ஸ் எடுக்கலாம். ரெண்டாவது பாதைக்கு அந்த மொழி தெரியாது. செய்வது மட்டும்தான் அதுக்குப் புரியும்.

21 நாள் எங்கிருந்து வந்தது?

இப்ப நம்ம ஃபோன்ல இருக்கிற ஹேபிட் ஆப்புக்கு வருவோம். "21 நாள் செஞ்சா பழக்கம் ஆயிடும்." எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். இதன் வேர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதிய சுயமுன்னேற்றப் புத்தகம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு தன் புது முகம் நோயாளிக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாளாவது ஆகிறது என்பது அவர் கவனித்தது. 'குறைந்தது' காணாமல் போனது, 'முகம்' காணாமல் போனது, 21 மட்டும் மிஞ்சியது.

உண்மையில் எவ்வளவு நாள்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. சாப்பாட்டோடு ஒரு பழம், சாப்பாட்டுக்கு முன் ஒரு ஓட்டம் என்ற மாதிரி சின்னச் சின்னப் பழக்கங்கள். பழக்கம் தன்னால் நடக்கும் நிலைக்கு வர ஆன காலத்தின் இடைநிலை 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது. எனக்குப் பிடித்தது இன்னொரு முடிவு. நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை.

இது ஏன் முக்கியம்னா, வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் தன்னுடைய உளவியல் நூலில், புதுப் பழக்கம் வேரூன்றும் வரை ஒருமுறைகூட விதிவிலக்கு விடாதே என்று அறிவுரை சொன்னார். சுற்றிக்கொண்டிருக்கும் நூல்கண்டைக் கைநழுவ விட்டால் பல சுற்று அவிழ்ந்துவிடும் என்பது அவருடைய உவமை. ஆப்புல ஸ்ட்ரீக் உடைஞ்சா மனசு உடையுதே, அது ஜேம்ஸோட நூல்கண்டுதான். லாலியின் ஆட்கள் ஒருநாள் விட்டபோது கண்டு அவிழவில்லை. வேரூன்றிய பழைய பழக்கத்தை விட முயல்பவர்களுக்கு ஜேம்ஸின் எச்சரிக்கை இன்னும் பொருந்தலாம். ஆனால் தினம் ஒரு பழம் சாப்பிடப் பழகுபவரை அது தேவையில்லாமல் பயமுறுத்துகிறது.

தாத்தா கட்டிய ஃபீஸ்

இப்ப என் கதைக்கு வரேன். நாலு விரல்ல என் வேகம் நிமிஷத்துக்கு 46 வார்த்தை. பத்து விரலுக்கு மாறினா முதல் வாரம் 14. பதினாலு! ஒரு மெசேஜுக்குப் பதில் போடவே வேர்க்கும். ரெண்டாவது வாரம் ஏதாவது ஒரு ரிலீஸ் வரும். "என்னாச்சு, இன்னைக்கு ஸ்லோவா இருக்கீங்க?"ன்னு ஸ்டாண்டப் மீட்டிங்ல ஒருத்தர் கேப்பார். தப்பான கேள்வி இல்லை. ஆனா அன்னைக்கு மத்தியானமே நான் நாலு விரலுக்குத் திரும்பிடுவேன். மூணு தடவையும் அப்படித்தான்.

அம்மாகிட்ட கேட்டேன், "நீ எப்படிம்மா கத்துக்கிட்ட?" அம்மா சொன்னாங்க: "முதல் மாசம் முழுக்க ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப்தான். வேற ஒண்ணும் குடுக்க மாட்டாரு. சுண்டுவிரல் வலிக்கும். கீழே பாத்தா ஸ்கேலால மேஜையில ஒரு தட்டு. ஒரு மணி நேரம் அடிச்சுட்டு வந்துடுவோம்."

"வேகம் வரலையேன்னு கவலையா இருக்காதா?"

"எதுக்குடா கவலை? அங்க லெட்டரா அடிச்சோம்? பழகத்தானே போனோம். உங்க தாத்தா அதுக்குத்தானே ஃபீஸ் கட்டுனாரு."

எனக்கு அங்கதான் பிடிபட்டுது. லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. அந்த வேகத்தை அம்மாகிட்ட யாரும் முதல் மாசம் கேக்கல. பரீட்சையில கேட்டாங்க. அதுவரைக்கும் மெதுவா இருக்க அந்த ஒரு மணி நேரம் அனுமதி கொடுத்தது. தமிழ்நாட்டுல தெருவுக்குத் தெரு இருந்த அந்த இன்ஸ்டிட்யூட்கள் வித்தது டைப்ரைட்டிங்கை மட்டும் இல்லை, யாருக்கும் எதுவும் டெலிவர் பண்ண வேண்டாத ஒரு மணி நேரத்தையும் சேத்துத்தான். தந்தி படிச்சவங்களுக்கும் வேலைக்கு முன்னாடி அப்படி ஒரு காலம் இருந்தது. நான் பழகப் பாத்தது வேலை நேரத்துக்குள்ள, ரிலீஸுக்கு நடுவுல. என் கிராஃப் கீழே போனப்போ அதைப் பாக்க ஒரு டீமே இருந்தது.

ப்ரொடக்டிவிட்டி பேச்சுல இதை யாரும் சொல்றதில்லை. நல்ல பழக்கம் முதல்ல உங்க அவுட்புட்டைக் குறைக்கும். ஒவ்வொரு நாளும் அவுட்புட்டை அளந்துக்கிட்டு இருந்தா, ஒவ்வொரு நாளும் பழைய பழக்கம்தான் ஜெயிக்கும். அந்தச் சுருக்கெழுத்துப் பத்திரிகைக்காரங்க பண்ண தப்பும் இதுதான். மோதிர விரலை அவங்க அளந்தது முதல் நாள்ல.

வீட்டுல பெரியவங்களைப் பாத்துக்கிட்டு, ரெண்டு ஷிஃப்ட் வேலையும் பாக்குற ஒருத்தர்கிட்ட போய், "காலையில அஞ்சு மணிக்கு எந்திரிங்க ப்ரோ"ன்னு சொல்றது அதனாலதான் எனக்கு இப்ப கூசுது. அவங்களுக்குக் குறைச்சல் வில்பவர்ல இல்லை. மெதுவா இருக்க இடம் இல்லை.

நாலாவது தடவை நான் மாத்தினது ரெண்டே விஷயம். வேலை நேரத்துல பழைய நாலு விரல், அதுல குற்ற உணர்ச்சி கிடையாது. ராத்திரி சாப்பிட்டதும் அரை மணி நேரம், அதே மேஜை, அதே நாற்காலி, பத்து விரல். அந்த அரை மணியில வேலை சம்பந்தமா ஒரு வரிகூட அடிக்க மாட்டேன். ரெண்டாவது, வேகத்தை அளக்கறதை நிறுத்திட்டேன். எத்தனை தடவை கீழே குனிஞ்சு பாத்தேன்னு மட்டும் ஒரு நோட்டுல கோடு போடுறேன். கெல்லரோட சந்தேகத்துக்கு என்னோட பதில் இதுதான். வேகம் ஏறாம நிக்கலாம், ஆனா கோடு குறைஞ்சுக்கிட்டே வந்தா கீழ்ப்படி இறுகுதுன்னு அர்த்தம். கோடும் குறையலன்னா பயிற்சியை மாத்தணும்.

இது பதினோராவது வாரம். நடுவுல நாலு நாள் விட்டுப்போச்சு. கோடு முதல் வாரம் எண்ண முடியல, நேத்து ராத்திரி ஆறு. ஆர்வம் தாங்காம வேகத்தையும் ஒரு தடவை பாத்துட்டேன்: 39. பழைய 46 இன்னும் வரல.

இந்த எபிசோடோட ஸ்கிரிப்ட்ல கடைசி ரெண்டு பக்கத்தைப் பத்து விரல்லதான் அடிச்சேன். அம்மா பின்னாடி நின்னு பாத்துட்டு, "மணிக்கட்டைத் தூக்கு"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க.

நீங்க பழகிக்கிட்டிருக்கிற விஷயத்துல உங்களுக்கு அந்த அரை மணி நேரம் எங்க கிடைக்குது, இல்லை ஏன் கிடைக்கலன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.